காற்று நிறுத்தினால் வடமும் நிற்கும்

ஆடி மாதத்தில் பழனிக்குப் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் ரோப் காருக்கு வரிசையில் நின்று நின்று கால் கடுத்துப் போய், இதோ அடுத்தது நம் முறை என்று முந்தானையைச் செருகிக்கொள்ளும் சமயத்தில், மேலிருந்து பெட்டிகள் காலியாக வரத் தொடங்கும். பிறகு சக்கரமே நின்றுவிடும். "காத்து ஜாஸ்தியா இருக்குங்க, கொஞ்சம் பொறுங்க" என்பார் ஊழியர்.

ஒரு தடவை எங்களுக்கு முன்னால் நின்றிருந்த பாட்டியம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு ஊருக்கே தெரியும். இது தெரியாமலா டிக்கெட் கொடுத்தீங்க?"

ஊழியருக்குக் கோபம் வரவில்லை. "அம்மி பறந்தா பரவாயில்லை பாட்டி. நீங்க பறந்துடக் கூடாதில்ல?" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. பாட்டியும் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே விஞ்ச் பக்கம் நடையைக் கட்டினாள்.

இந்தச் சம்பாஷணை அப்படியே, பாஷை மட்டும் மாறி, சுவிட்சர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் காஷ்மீரத்திலும் குளிர்காலம் பூராவும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பவர்கள் காலில் நீளமான இரண்டு பட்டைகளைப் பூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். காற்று வந்து வடத்தை நிறுத்திவிட்டால் இந்தப் பனிச்சறுக்குக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம்.

பனிச்சறுக்கு என்பது இறங்குகிற விளையாட்டு. இறங்குவதற்குப் பூமியின் ஈர்ப்பு இருக்கிறது, காசு கேட்காது. ஏறுவதற்குத்தான் கஷ்டம். முன்காலத்தில் பட்டைகளைத் தோளில் சுமந்து அரை நாள் ஏறி, கால் மணியில் இறங்கிவிட்டு, "ஆகா, என்ன ஆனந்தம்!" என்று வீட்டுக்குப் போனார்கள். 1936-ல் அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தின் சன் வேலி என்ற இடத்தில் ஒரு ரயில்வே கம்பெனி பனிச்சறுக்கு விடுதி கட்டியது. அந்தக் கம்பெனியின் எஞ்சினீயர் ஜிம் கர்ரன் என்பவர் அதற்கு முன்னால் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் இயந்திரத்தோடு பழகியவர். ஓடும் வடத்தில் கொக்கி, கொக்கியில் வாழைத்தார். தாருக்குப் பதிலாக நாற்காலியை மாட்டினால் என்ன என்று யோசித்தார். நாற்காலி லிப்ட் பிறந்தது அப்படித்தான். இன்று ஆல்ப்ஸ் மலைகளில் வாழைத்தார் மாதிரி தொங்கிக்கொண்டு போகிற கோடீசுவரர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ!

லிப்ட் வந்ததும் ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கியவர்கள் இருபது தடவை இறங்கினார்கள். கூடவே ஒரு புது துக்கமும் வந்து சேர்ந்தது. வருஷத்தில் ஒரே ஒரு வாரம் லீவு; ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று; பட்டை வாடகை, பூட்ஸ் வாடகை, குழந்தைகளுக்குக் குளிர் உடுப்பு, லிப்ட் சீட்டு எல்லாம் வாங்கியாயிற்று. காலையில் ஜன்னலைத் திறந்தால் வானம் நிர்மலமாக இருக்கிறது. புதுப் பனி பஞ்சுப் பொதியாகக் கிடக்கிறது. ஆனால் சிகரத்தின் விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஏதோ பறக்கிறது. அது புகையல்ல, காற்று வாரி இறைக்கிற பனி. பழகினவர்கள் அதைப் பார்த்த உடனே இன்னொரு கோப்பைக் காப்பிக்குச் சொல்லிவிடுவார்கள். கிராமத்தில் இலை அசையாது. மேலே பத்தாவது தூணுக்கு அப்பால் நிற்கவே முடியாது.

லிப்டை ஏன் நிறுத்துகிறார்கள்? மொட்டை மாடியில் துணி உலர்த்தும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரப் புடவை கொடியில் கனமாகத் தொங்கும். காற்றடித்தால் லேசாக ஆடும். காய்ந்த புடவை? கொடியோடு சுருண்டு, அடுத்த வீட்டு முருங்கை மரத்தில்தான் போய் நிற்கும். நாற்காலி லிப்டும் இதே மாதிரிதான். ஆட்கள் உட்கார்ந்து மேலே போகிற நாற்காலியைவிட, அவர்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற நாற்காலி மோசமாக ஆடும். ஆடி ஆடித் தூணில் இடித்தால் ஆபத்து. பக்கவாட்டில் அடிக்கும் காற்று, தூண்களின் மேல் வரிசையாக இருக்கும் சக்கரங்களிலிருந்து வடத்தையே நழுவச் செய்துவிட்டால் பேராபத்து. ஆகையால் தூண்களின் உச்சியில் காற்றளவு மானிகளை வைத்திருக்கிறார்கள். காற்று வலுத்தால் முதலில் வேகத்தைக் குறைப்பார்கள். அப்புறம் புதிதாக யாரையும் ஏற்றாமல், ஏறியவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்து, வடத்தைக் காலி செய்வார்கள். பிறகு நிறுத்துவார்கள். பல நாற்காலி லிப்ட்கள் காற்று மணிக்கு 60, 70 கிலோமீட்டரை எட்டுவதற்குள் நின்றுவிடும். இதற்குப் பொதுவான ஒரே கணக்குக் கிடையாது. வடத்தின் நீளவாக்கில் அடிக்கும் பலத்த காற்றைத் தாங்குகிற லிப்ட், குறுக்கே அடிக்கும் அதைவிடச் சிறிய காற்றுக்குப் பணிந்துவிடும்.

கீழே இருப்பவனுக்கு இதெல்லாம் தெரியாது. "ஒரு துளி காற்றுக்கே நிறுத்திவிட்டான்; சோம்பேறி!" என்று பொத்தானருகில் நிற்கும் சிப்பந்தியைத் திட்டுவான். நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன், 2017-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி குல்மார்க்கில் நடந்ததைப் படித்திராவிட்டால்.

குல்மார்க் காஷ்மீரத்தில் இருக்கிறது. நம் தேசத்துப் பனிச்சறுக்கு ஸ்தலங்களில் பெயர்பெற்றது. அங்கே கொண்டோலா என்ற பெட்டி லிப்ட் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் சுமார் 2,650 மீட்டரிலிருந்து காங்டூரி வரை. இரண்டாவது கட்டம் அபர்வத் மலைத் தோளில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, பனிச்சறுக்கு இல்லாத காலம். வெயிலுக்குப் பயந்து மலைக்கு வந்த குடும்பங்களின் கூட்டம். பலத்த காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து வடத்தின் மேல் விழுந்தது. பெட்டியில் இருந்தவர்கள் கீழே விழுந்தார்கள். டில்லியிலிருந்து வந்திருந்த தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள், அவர்களோடு உள்ளூர்க்காரர் மூவர், ஆக ஏழு உயிர்கள். அன்றைக்குக் காற்றைப் பார்த்து யாராவது ஒருவர் அரை மணி முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தால், கீழே நூறு பேர் அவரைத் திட்டியிருப்பார்கள். திட்டிவிட்டு உயிரோடு ஊர் திரும்பியிருப்பார்கள்.

சரி, நிறுத்திவிட்டார்கள். இனி என்ன?

உள்ளூர்க்காரர்கள் முதலில் மரங்களைத் தேடிப் போவார்கள். மலையுச்சி மொட்டை, அங்கே காற்றுக்குத் தடையே இல்லை. கீழே தேவதாரு மரங்களுக்கு நடுவில் இருக்கும் குட்டைச் சரிவுகளில் காற்று பாதியாகக் குறைந்துவிடும். அங்கே ஓடுகிற லிப்ட்களும் பெரும்பாலும் பழங்காலத்துக் கர்நாடக லிப்ட்கள்: வடத்திலிருந்து ஒரு கோல் தொங்கும், கோலின் நுனியில் குறுக்குக் கட்டை. கட்டையைப் பிருஷ்ட பாகத்தில் அணைத்துக்கொண்டால் அது ஆளைப் பனியின் மேலேயே இழுத்துக்கொண்டு போகும். கால் தரையில் இருப்பதால் ஆட்டம் கிடையாது. சொகுசு லிப்ட்கள் எல்லாம் நின்றுபோன நாளில் இந்தக் கிழட்டு இழுவைகள் நிதானமாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், காஸ் தீர்ந்துபோன வீட்டில் கரி அடுப்பு கைகொடுத்த ஞாபகம் வரும். ஆனால் மலையில் இருக்கிற அத்தனை பேரும் அங்கேயே வந்து சேருவதால் வரிசை அனுமார் வாலாக நீளும்.

வரிசையில் நிற்பதே அங்கே பெரிய காரியம். வெறும் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரை நல்ல உடுப்புப் போட்டுச் சமாளித்துவிடலாம். அதே குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால், தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி மாதிரி இருக்கும். மூக்கு நுனியும் காது மடலும்தான் முதலில் வெளுக்கும். ஆகவே தாய்மார்கள் குழந்தையின் கன்னத்தை அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நேராகக் குடிசைக்குள். "இன்னும் ஒரே தடவை அம்மா!" என்ற பேச்சே அங்கே எடுபடாது.

குடிசை என்றேனே, அதுவும் பிழைக்கும் வழிகளில் ஒன்று. மலைச் சரிவில் ஆங்காங்கே மரத்தாலான சிற்றுண்டிச்சாலைகள் உண்டு. காற்று நாளில் அதற்குள் நுழைந்தால் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, ஈரக் கம்பளியின் வாசனையும் சூப் வாசனையும் கலந்து அடிக்கும். கையுறைகள் அடுப்பைச் சுற்றி மாலை மாதிரி தொங்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். அனுபவசாலிகள் இங்கே ஒரு சூதாட்டமும் ஆடுவதுண்டு, சீட்டில் அல்ல, காற்றில். மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்று தணிந்து லிப்ட் திறந்துவிட்டால், முதலில் ஏறுபவனுக்கு யாரும் கால் வைக்காத பனி முழுவதும் சொந்தம். அதற்காக லிப்ட் வாசலைவிட்டு நகராமல் நாலு மணி நேரம் காத்திருப்பார்கள். சில நாள் திறக்கும். பல நாள் திறக்காது. சாயங்காலம் அவர்கள் வீடு திரும்பும் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றிக் கொஞ்சம் பயத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பட்டையின் அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்தார்கள். இப்போது நைலானிலும் அங்கோரா ஆட்டு ரோமத்திலும் செய்கிறார்கள். ரோமம் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. இதை ஒட்டிக்கொண்டு, "லிப்ட் இல்லாவிட்டால் என்ன? தாத்தா மாதிரி நடந்தே ஏறுகிறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லிப்டை நிறுத்திய அதே காற்று, மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்து மறைவில் பலகை பலகையாக அடுக்கி வைத்திருக்கும். பார்வைக்குத் தலையணை மாதிரி மிருதுவாக இருக்கும். அடியில் பிடிப்பு இராது. ஓர் ஆள் அதன் மேல் குறுக்கே போனால், பலகை முழுவதும் விரிந்து அவரோடு சரிந்துவிடும். பனிச்சரிவு விபத்துகளில் காற்று அடுக்கிய பனிக்குப் பெரிய பங்கு உண்டு. லிப்ட் மூடிய நாளில் மரக்கூட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவனைக் கோழை என்று கேலி செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

சில ஊர்க்காரர்கள் காற்றோடு சமாதானமே செய்துகொள்ள முடியாமல் லிப்டையே மாற்றிப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம் என்று ஒரு மலை. உயரம் 1,245 மீட்டர்தான். நம் கொடைக்கானலைவிடக் குறைவு. ஆனால் காற்று! 1986 மார்ச் 20-ந் தேதி அதன் உச்சியில் மணிக்கு 278 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு பதிவாயிற்று. அங்கே காற்றை அளக்கும் கருவியை வெளியில் நிரந்தரமாக வைத்தால் பனி மூடிவிடும். ஆகையால் அது சூடு ஊட்டிய ஒரு குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஆமை தலையை நீட்டுவது போல வெளியே வந்து, அளந்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்விடும்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் 1961-ல் நாற்காலி லிப்ட் போட்டார்கள். அது ஓடிய நாளைவிடக் காற்றுக்குப் பயந்து நின்ற நாளைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். கடைசியில் வடமும் வேண்டாம், தொங்கலும் வேண்டாம் என்று தூண்களின் மேல் தண்டவாளம் போட்டு, உச்சிக்குக் கிட்டத்தில் சுரங்கத்துக்குள் நுழைகிற மலை ரயிலாகவே கட்டிவிட்டார்கள். 2001 டிசம்பரில் ஓடத் தொடங்கிற்று. காற்றை ஜெயித்தாயிற்று என்று நினைத்தார்கள். 2018-ல் தூண்களில் கோளாறு என்று ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் திறந்து, அதே வருஷம் ஆகஸ்டில் மறுபடியும் மூடி, 2025 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். காற்றுக்குத் தப்பி கான்கிரீட்டிடம் மாட்டிக்கொண்ட கதை. அங்கே எனக்குப் பிடித்த உபாயம் வேறொன்று: சரிவின் இரு பக்கமும் மரச் சட்ட வேலி. காற்று கொண்டுவரும் பனி வேலியில் தட்டித் தடத்தில் குவியும். அந்த மலையில் சறுக்குவதற்குப் பனி சேருவதே பெரும்பாலும் இப்படித்தான். லிப்டை நிறுத்தும் சத்துரு எவனோ அவனே பனி கொண்டுவந்து கொடுக்கும் சிநேகிதன்.

பொழுதுபோக்குக்காரர்கள் பாடு இப்படி. வருஷக்கணக்காக ஒரே ஒரு நாளுக்காகப் பழகியவர்கள் பாடு என்ன? 2018 பிப்ரவரியில் தென் கொரியாவின் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் என்ற பெண்ணுக்கு அப்போது 22 வயது. 12-ந் தேதி ராட்சத வளைவோட்டம். காற்றினால் ஒத்தி வைத்தார்கள். 14-ந் தேதி வளைவோட்டம். அதையும் ஒத்தி வைத்தார்கள். பிறகு 15-லும் 16-லும் அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள். ஓய்வு எடுக்க வேண்டிய நாட்கள் காத்திருப்பதில் கரைந்துபோயின. காத்திருக்க வேண்டிய நாட்களில் ஓட வேண்டியதாயிற்று. 15-ந் தேதி தங்கம் வாங்கினாள். மறுநாள், அவளை யாரும் அசைக்க முடியாது என்று எல்லோரும் நினைத்த வளைவோட்டத்தில் நாலாவதாக வந்தாள். 17-ந் தேதி நடந்த இன்னொரு பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. அந்தப் பந்தயத்தில்தான் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா, யாருமே எதிர்பாராதவள், ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் தட்டிக்கொண்டு போனாள். ஓடி முடித்து நின்ற இடத்தில் பலகையைப் பார்த்து, ஏதோ தப்புக் கணக்கு என்று அவளே நம்பாமல் விழித்துக்கொண்டு நின்றாள். காற்று ஒருத்தியின் தட்டிலிருந்து எடுத்து இன்னொருத்தியின் தட்டில் போட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் லெடெட்ஸ்கா அந்த ஒரு நிமிஷம் இருபத்தொரு வினாடி எப்படி ஓடினாள் என்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இத்தனை ஊரிலும் காற்று வேடிக்கை காட்டுவதற்கு மிகவும் பொருத்தமான ஊர் எது என்று கேட்டால், சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்று சொல்வேன். 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் சிகரத்தின் ஒரு பக்கத்து அடிவாரம் செர்மாட். மறு பக்கத்தில் இத்தாலியைச் சேர்ந்த செர்வினியா. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 13 கிலோமீட்டர். நடுவே 3,400 மீட்டருக்கு மேல் மலை முதுகு. இரு பக்கத்து லிப்ட்களும் அந்த முதுகில் சந்திப்பதால், காலையில் சுவிஸ் பக்கம் ஏறி, இத்தாலிப் பக்கம் சறுக்கி, அங்கே மலிவாகவும் ருசியாகவும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் லிப்டில் ஏறித் திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு தேசம்!

அந்த மலை முதுகில் தெற்கேயிருந்து ஒரு காற்று வரும். பெயர் ஃபோன். டெலிபோன் அல்ல, ஜெர்மன் பாஷையில் அந்தக் காற்றுக்கே அப்படிப் பெயர். இத்தாலிப் பக்கம் மலையேறும்போது ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, சுவிஸ் பக்கம் வறண்டு சூடாக இறங்கும். ஜெர்மன் வீடுகளில் தலைமுடி உலர்த்தும் யந்திரத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். 1861 மே மாதத்தில் கிளாரஸ் என்ற சுவிஸ் ஊரில் பிடித்த தீ, இந்தக் காற்றினால்தான் ஊரில் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று. மலை முதுகில் அது வேகம் எடுத்தால், எந்த லிப்டும் நிற்க வேண்டியதுதான். 2024 மார்ச்சில் செர்வினியாவில் ஆட்களோடு நாற்காலிகள் ஊஞ்சல் மாதிரி வீசியடிக்கப்பட்ட படத்தை உலகமே பார்த்து நடுங்கியது.

இந்த இடத்தில் ஒரு பெரிய பந்தயம் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சுவிட்சர்லாந்தில் புறப்பட்டு இத்தாலியில் முடிகிற, இரு தேசத்து உலகக் கோப்பைப் பந்தயம். 2022-ல் ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு. பனி போதாமல் நாலும் ரத்து. 2023 நவம்பரில் மறுபடியும் நாலு. ஆண்களுடையது பெரும்பனியிலும் காற்றிலும் போயிற்று. அடுத்த வாரம் பெண்கள் வந்து காத்திருந்தார்கள். காற்று இரண்டு நாளும் விடவில்லை. ஆக எட்டில் எட்டும் நடக்கவில்லை. அடுத்த வருஷத்து அட்டவணையிலிருந்து பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள்.

வீராங்கனைகளாவது ஹோட்டலில் இருந்தார்கள். மத்தியானம் இத்தாலியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்று கிளம்பிவிட்டால்? செர்மாட் தம்பதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் சுவிஸ் பக்கத்துப் பனிச்சறுக்குப் பள்ளியில் விட்டுவிட்டு, "மூன்று மணிக்கு வந்துவிடுகிறோம், கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். வெளியே வந்தால் பலகையில் சிவப்பு விளக்கு. மேலே போகும் லிப்ட் எல்லாம் நின்றுவிட்டன. வீடு 13 கிலோமீட்டரில் இருக்கிறது, நடுவே மலை. நடந்து கடக்கும் காரியமல்ல. ஆகவே டாக்சி. செர்வினியாவிலிருந்து பள்ளத்தாக்கு வழியே கீழே இறங்கி, ஆவோஸ்தா நகரைத் தாண்டி, 1964-ல் திறந்த பெரிய செயின்ட் பெர்னார்ட் மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து, சுவிட்சர்லாந்தில் வெளிவந்து, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிழக்கே ஓடி, மறுபடியும் தெற்கே மலையேற வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல்! சுலபமாக நாலு மணி நேரம். அதோடு முடிந்ததா? செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் போகக் கூடாது. ஐந்து கிலோமீட்டர் முன்னால் தேஷ் என்ற ஊரில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். இத்தனையும் காலில் இரும்பு மாதிரி கனக்கிற பனிச்சறுக்கு பூட்ஸோடு. மாற்றுச் செருப்பு ஹோட்டலில் இருக்கிறது. டாக்சிக்காரர் கேட்கும் தொகையை இங்கே எழுதினால் என் பேனா அழும்.

இப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த வருஷம் வேறு மனிதர்களாக வருகிறார்கள். பையில் அடையாளச் சீட்டு, கொஞ்சம் பணம், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய டெலிபோன், ஒரு சாக்லேட் கட்டி. கிராமத்துக் காற்றை விசாரிக்காமல் மலை முதுகின் காற்றை விசாரிக்கிறார்கள். ஃபோன் வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் எல்லையைத் தாண்டுவதே இல்லை. தாண்டினால், கடைசி லிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பி மலை முதுகுக்கு வந்துவிட்டு, அங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். மேலே வந்துவிட்டால் லிப்ட் நின்றால்கூட, பாதை திறந்திருக்கும் வரை, வீட்டுப் பக்கம் சறுக்கிக்கொண்டே இறங்கிவிடலாம் அல்லவா? 2023 ஜூலையில் அந்த முதுகையும் 3,883 மீட்டர் உயரத்திலுள்ள க்ளைன் மாட்டர்ஹார்ன் நிலையத்தையும் இணைத்து ஒரு புது லிப்ட் திறந்தார்கள். இரண்டு தாங்கு வடங்களின் மேல் சக்கரம் வைத்து ஓடுகிற பெட்டி. ஒற்றை வடத்தில் தொங்குவதைவிடக் காற்றை நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த நிலையத்துக்கு வந்து சேர, கீழேயிருந்து மற்ற லிப்ட்கள் ஓட வேண்டுமே!

இதுவரை எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் சகதர்மிணி கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒலிம்பிக்கில் மட்டும் "அடப் பாவமே!" என்றாள். சுரங்கம், ரோன் ஆறு, 200 கிலோமீட்டர் எதுவும் அவளை அசைக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அந்தக் குழந்தைக்கு ராத்திரி சாப்பாடு யார் போட்டது?" என்று கேட்டாள்.

"பள்ளிக்காரர்கள் தனியாக விட்டுவிட மாட்டார்கள். டெலிபோனில் சொல்லி, ஹோட்டல்காரியிடம் ஒப்படைத்திருப்பார்கள்" என்றேன்.

"இருப்பார்களா?" என்றாள் அவள், கீரையை விட்டு நிமிராமலே. "முதலில் அதை அல்லவா ஏற்பாடு பண்ணிவிட்டு மலையேற வேண்டும்!"